செவ்வாய் இரவு அப்டேட்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு, மைக்ரோசாஃப்ட் அந்த மாதத்துக்கான விண்டோஸ் திருத்தங்களை வெளியிடுகிறது. வட சென்னை எண்ணூரில் அப்போது இரவு பத்தரை. அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போடுகிறவர்களுக்குக் கடைசி நாள் 11. இரண்டும் முட்டிக்கொள்ளட்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. 2003 அக்டோபரில் இந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கம் தொடங்கியபோது இந்தியாவில் ஜிஎஸ்டியே கிடையாது. ஆனாலும் கத்திவாக்கம் நெடுஞ்சாலையிலும் எர்ணாவூரிலும் லேத் பட்டறைகளுக்கும் லாரி ஆபீஸ்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஜாப் டைப்பிங் கடைகளுக்கு அந்த வாரம் பழக்கமானது.

நீலத் திரை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் புள்ளிகள், 30 சதவீதம், கணினியை அணைக்காதே என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டளை.

“இன்னாண்ணே, நான் வந்ததுலேர்ந்து சுத்திக்கினே கீது?”

“கை வெக்காத தம்பி. பாதியில ஆஃப் பண்ணா மொத்தமும் பூடும். போய் ஒரு டீ சாப்ட்டு வா.”

யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம் தாங்கினால் பெரிது என்று இருவருக்கும் தெரியும். மெஷினுக்குக் காசு கொடுத்தது கடைக்காரர், கரண்ட் பில் கட்டுவது கடைக்காரர், கையில் பில் கட்டோடு நிற்பது அவருடைய வாடிக்கையாளர். இந்த அரை மணி நேரம் மட்டும் அவர்கள் யாருடைய பேச்சையும் அந்த மெஷின் கேட்காது.

அந்த நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது? விண்டோஸில் ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியாது, கோப்பு பூட்டிக்கொள்ளும். இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகளோ கணினி ஓடுகிற நேரமெல்லாம் திறந்தே கிடப்பவை. அதனால் புதுக் கோப்புகளை முதலில் ஒரு கிடங்கில் இறக்கி வைத்துக்கொண்டு, எதை எடுத்துவிட்டு எதை வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்கிறது. கணினி ஒருமுறை அணைந்து எழும்போது, மற்ற நிரல்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பாக, அந்தப் பட்டியல்படி மாற்றி முடிக்கிறது. திரையில் ஏறும் சதவீதம் வேலைகளின் கணக்கு, கடிகாரத்தின் கணக்கு அல்ல. முப்பதிலேயே நின்று உயிரை வாங்கிவிட்டு, பிறகு திடுதிப்பென்று நூறுக்குத் தாவுவது அதனால்தான்.

நடுவில் கரண்ட் போனால் பெரும்பாலும் மொத்தமும் போய்விடாது. பழைய கோப்புகள் இன்னும் இருக்கும். அடுத்த தடவை எழும்போது செய்ததையெல்லாம் திரும்ப அவிழ்த்துப் பழைய நிலைக்கு வந்து நிற்கும். மதர்போர்டின் பயாஸ் அப்டேட் என்றால் கதை வேறு. அது பாதியில் நின்றால் போர்டே எழாமல் போகலாம் என்பதால், கடைக்காரரின் பயத்தை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தது: இயங்குதளத்துக்கு இரண்டு பிரதிகள், ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதியதை எழுதி முடித்து, அடுத்த ரீஸ்டார்ட்டில் அதற்கு மாறிவிடும். புதியது எழவில்லை என்றால் பழையது இருக்கவே இருக்கிறது. லினக்ஸில் கோப்பு திறந்திருந்தாலும் மாற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் மூடப்படும்வரை பழைய பிரதியையே பிடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கெர்னல் மாறினால்தான் ரீஸ்டார்ட் தேவை.

ஆக, காத்திருப்புக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஆனால் கேட்காமலேயே வருவதற்குக் காரணம் வேறு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதுவும் பொய்யான காரணம் அல்ல.

2003 ஜூலை 16 அன்று விண்டோஸின் ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று அதே ஓட்டை வழியாக பிளாஸ்டர் என்ற புழு உலகமெங்கும் பரவியது. இடையில் நான்கு வாரம்கூட இல்லை. திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாமல் கிடந்த கணினிகள் கணக்கற்றவை. அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு பெட்டி எழும், அறுபது நொடி எண்ணும், மெஷின் அணையும், மறுபடி போட்டால் மறுபடியும் அதே. அடுத்த ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்தபோது, தானியங்கி அப்டேட்டைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று அது வற்புறுத்திக் கேட்டது.

திருத்தம் வெளியான நாளிலேயே ஆபத்தும் கூடுகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் விசித்திரம். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று தெரியும். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். களவாளிக்கு வழிகாட்டிப் பலகை மாதிரி. பாதுகாப்புத் துறையில் செவ்வாய்க்கு அடுத்த நாளை, தாக்குதல் புதன் என்று கேலியாகச் சொல்வார்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர், உலகமே அறிந்துவிட்ட ஓர் ஓட்டையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

2017-இல் இது முழு உருவத்தில் வந்தது. திருத்தம் மார்ச் 14-இல் வெளியாகிவிட்டது. மே 12, வெள்ளிக்கிழமை, வானாகிரை என்ற புழு கிளம்பியது. 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கு மேல் கணினிகள், கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்துக்கொண்டு பணயத் தொகை கேட்கும் சிவப்புத் திரை. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்கள், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்து ரெனோ-நிஸ்ஸான் ஆலை என்று இந்தியாவிலும் அடி விழுந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 ஓடியவை. அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதமாகக் காத்துக் கிடந்தது.

ஏன் போட்டுக்கொள்ளவில்லை? சோம்பல் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டங்களோடு வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு காரணம் தெரியும். 2006-இல், திருட்டு விண்டோஸா என்று சோதித்துப் பார்க்கும் ஒரு நிரலை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற அதே வழியில், அதே முன்னுரிமையோடு, கணினிகளுக்குள் இறக்கியது. அமெரிக்காவில் அதன்மேல் வழக்குகூடப் போட்டார்கள். இங்கே யாரும் வழக்குப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. சர்வீஸ் பையன்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் ஏற்றி முடித்ததும் முதல் வேலை, ஆட்டோமேட்டிக் அப்டேட்டை ஆஃப் செய்வது. திருட்டு விண்டோஸ் போட்டது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மருந்து வருகிற வழியிலேயே காவல்காரரையும் அனுப்பினால், மக்கள் காவல்காரருக்குப் பயந்து மருந்துக்கும் கதவைச் சாத்துவார்கள். வானாகிரைக்குத் தீனியானவற்றில் அப்படிச் சாத்திய கதவுகளும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அந்த 2006 அனுபவத்துக்குப் பிறகு நிறுவனம் கற்றுக்கொண்ட பாடம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதைவிடக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது சுலபம் என்று அது முடிவு செய்தது.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானது. அதன் ஹோம் பதிப்பில் அப்டேட் வேண்டாம் என்று சொல்ல வழியே வைக்கவில்லை. விண்டோஸ் 7-இல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண் இருக்கும். பிடிக்காததன் டிக்கை எடுத்துவிடலாம். புதியதில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். எடுத்தால் முழு மூட்டை. 2016 அக்டோபரிலிருந்து பழைய விண்டோஸ் 7-க்கும் அதே மூட்டை முறை வந்துவிட்டது.

விண்டோஸ் 10 வந்தது, ஒரு ஜிபி மொபைல் டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில். ஜியோ வந்தது 2016 செப்டம்பரில்தான். விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களின் மெஷினிலும், அவர்கள் கேட்கும் முன்பே, விண்டோஸ் 10-இன் நிறுவல் கோப்புகள் 3 ஜிபிக்கு மேல் இறங்கி உட்கார்ந்துகொண்டன. டாங்கிளில் ரீசார்ஜ் போட்ட மறுநாளே பேலன்ஸ் தீர்ந்த மர்மம் பல வீடுகளில் இதனால்தான். போதாததற்கு, விண்டோஸ் 10 போட்ட கணினி தான் இறக்கிய அப்டேட்டைத் துண்டு துண்டாக இணையத்தில் முன்பின் தெரியாத வேறு கணினிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அமைப்பை அணைக்கலாம், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்.

2016 மே மாதம் நடந்ததுதான் உச்சம். விண்டோஸ் 10-க்கு மாறச்சொல்லி எழும் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால், அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், குறித்த நேரத்தில் மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று கணக்கில் வைத்தார்கள். பெட்டியை மூட அந்தக் குறிதான் என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்ததும் அதே விண்டோஸ்தான். கேட்காமல் நடந்த விண்டோஸ் 10 மாற்றத்தால் தொழில் கெட்டது என்று கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்த ஒரு பெண் வழக்குப் போட்டு, 10,000 டாலர் இழப்பீடு வாங்கினார்.

நம் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று யோசித்தால், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43 நினைவுக்கு வருகிறது. கணினியின் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவது, அதைச் சேதப்படுத்துவது, அதன் இயக்கத்தைக் குலைப்பது எல்லாம் அதில் தவறு. அனுமதி இல்லாமல் என்பதுதான் அதன் உயிர். முதல் நாள் கணினியைத் திறந்தபோது, ஸ்க்ரோல் செய்து பார்க்காமலேயே ஏற்கிறேன் என்று அழுத்தினோமே, அந்த அனுமதி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

கேட்காமல் வருவதற்கும் விலை உண்டு என்பதை 2018 அக்டோபர் காட்டியது. விண்டோஸ் 10-இன் அந்த அரையாண்டுப் பதிப்பு, டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய பழைய ஃபோல்டரை, உள்ளே கோப்புகள் இருக்கும்போதே அழித்துவிட்டது. சில நாளில் அப்டேட் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-இல்தான் திரும்ப வந்தது. சோதனைப் பதிப்பை ஓட்டியவர்களில் சிலர் மாதக்கணக்கு முன்பே இந்தப் பிழையைச் சொல்லியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிறு விகிதம்தான் என்றது நிறுவனம். உண்மையாகவே இருக்கலாம், மகளின் கல்யாண ஆல்பத்தைத் தொலைத்தவரிடம் விகிதம் பேச முடியாது.

இதைவிட மோசமானது, அப்டேட் வரும் வழியையே எதிரி கைப்பற்றுவது. உக்ரைனில் வரி தாக்கல் செய்ய எம்.இ.டாக் என்று ஒரு கணக்கு மென்பொருள். நம் ஊர் டேலி மாதிரி ஆபீசுக்கு ஆபீஸ் இருக்கும். 2017 ஜூன் 27 அன்று, அதன் அப்டேட் வழியாகவே நாட்பெட்யா என்ற அழிவு நிரல் இறங்கியது. உக்ரைனைக் குறிவைத்தது உலகம் முழுக்கச் சிதறி, டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர்களின்மேல் அந்த நிறுவனத்தின் பெயர் எழுதிய கன்டெய்னர்களை நாம் பார்க்காத நாள் இல்லை. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் துணை நிறுவனம் நடத்தும் முனையத்தில் வேலை நின்றது. பத்து நாளில் 45,000 கணினிகளுக்கும் 4,000 சர்வர்களுக்கும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். யார் எதற்குள் நுழையலாம் என்று பார்த்துக்கொள்ளும் மெர்ஸ்கின் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் அத்தனையும் அழிந்தபோது ஒன்றே ஒன்று தப்பியது, கானா நாட்டில். தாக்குதலின்போது அங்கே மின்வெட்டு. அந்த சர்வர் அணைந்து கிடந்தது! மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே கணினித் துறை அதுவாகத்தான் இருக்கும்.

2024 ஜூலை 19-இல் எதிரிகூடத் தேவைப்படவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் காலை 9:39-க்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. 10:57-க்குத் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடத்தில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பிய கோப்பில் 21 தகவல் களங்கள். அதை வாசிக்கும் நிரலுக்குத் தரப்பட்டதோ 20. இருபத்தோராவதைத் தேடி இல்லாத நினைவகத்தில் கைவிட்டது, கெர்னல் கவிழ்ந்தது. முதலில் ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பி, பொறுத்திருந்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் செய்தியே ஆகியிருக்காது. இது வீட்டுக் கணினிகளைத் தொடவில்லை, விண்டோஸ் அப்டேட்டும் அல்ல. ஆனாலும் கேட்காமல், எல்லோருக்கும், ஒரே நேரத்தில் என்ற மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

ரீஃபில் இங்க் போட்டுப் பிழைக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கு இன்னொரு தேதி: 2016 செப்டம்பர் 13. முன்பே இறங்கியிருந்த ஃபர்ம்வேர் காரணமாக, அன்று ஹெச்பியின் சில இங்க்ஜெட் பிரிண்டர்கள் வேறு நிறுவனத்து கார்ட்ரிஜ்களை ஏற்க மறுத்தன. எதிர்ப்பு கிளம்பியதும், விரும்பியவர்கள் போட்டுக்கொள்ள வேறொரு ஃபர்ம்வேரை நிறுவனம் கொடுத்தது. வாங்கிய நாளில் செய்த வேலையை, அப்டேட்டுக்குப் பின் செய்யாத ஒரு பொருள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். வட சென்னைத் தெருக்களில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வரும்போது, குழாயே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கலப்பதை நிறுத்து என்றுதான் குடத்தை வைத்துச் சாலையை மறிக்கிறோம். பாதுகாப்புத் திருத்தம் கேட்காமலேயே வரட்டும், வந்தே ஆகவேண்டும்; என் மெஷினின் ஓட்டை பக்கத்து வீட்டுக்காரரையும் கடிக்கும். ஆனால் அதே குழாயில் புது இயங்குதளம், விளம்பரம், கார்ட்ரிஜ் பூட்டு, யாரும் கேட்காத ஐகான் எதுவும் வரக்கூடாது. அவை தனியாக வரட்டும், கேட்டுக்கொண்டு வரட்டும்.

இது முடியாத காரியம் அல்ல. சென்னையில் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸின்மேல் கட்டியது. டெபியனில் பாதுகாப்புத் திருத்தங்களுக்குத் தனிக் கிடங்கு. ஒரு பதிப்பின் ஆயுள் முழுக்க ஓட்டைகள் மட்டும் அடைபடும். மெனுவோ முகமோ மாறாது. அதைத் தானாகவே நடக்கும்படி விடலாம், விடாமலும் இருக்கலாம். லினக்ஸ் உலகமும் மாசு மறுவற்றது என்று சொல்ல மாட்டேன்: உபுண்டுவின் ஸ்னாப் நிரல்கள் கேட்காமல் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும், அதை விரும்பும் காலம்வரை நிறுத்திவைக்க 2022-இல்தான் வழி வந்தது.

விண்டோஸிலும் கட்டுப்பாடு உண்டு, காசு கொடுத்தால். ப்ரோ பதிப்பில் புதிய வசதிகளை 365 நாள்வரை ஒத்திப்போடலாம். ஹோம் பதிப்புக்கு 2019-இல்தான் 35 நாள் நிறுத்தி வைக்கும் உரிமையே கிடைத்தது. ரீஸ்டார்ட் இல்லாமலேயே பெரும்பாலான பாதுகாப்புத் திருத்தங்களைப் போடும் ஹாட்பேட்ச் வசதி விண்டோஸ் 11-க்கு 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. ஆனால் என்டர்பிரைஸ் பதிப்புக்கு. ஐடி டிபார்ட்மென்ட் வைத்திருக்கிற கம்பெனிக்குத்தான் வேண்டாம் என்று சொல்லும் வசதியும் காத்திருக்காத வசதியும். யுபிஎஸ் பேட்டரியை நம்பி இருக்கிற எர்ணாவூர் கடைக்கு நீலத் திரை. அந்தக் கடைக்கு நான் சொல்லக்கூடியது: மாதம் பிறந்து ஏழாம் தேதி வாக்கில் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவிடுங்கள், ஜிஎஸ்டிஆர்-1 போன அன்றிரவே திரும்பத் திறந்துவிடுங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆகக்கூடாத நேரத்தை, அதாவது ஆக்டிவ் ஹவர்ஸை, 18 மணி நேரம்வரை வைக்கலாம். டாங்கிளோ போன் ஹாட்ஸ்பாட்டோ என்றால் வைஃபை அமைப்பில் மீட்டர்டு என்பதைப் போட்டுவிடுங்கள்.

2025 அக்டோபர் 14, அதுவும் இரண்டாவது செவ்வாய், விண்டோஸ் 10-க்கான இலவசத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11, 2018-க்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சிப்புகளை ஏற்பதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஐம்பது லட்சத்துக்கும் மேல் மாணவர்களுக்குக் கணினி கொடுத்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் போட்டே வந்தன. எண்ணூரின் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் அண்ணனுக்குக் கிடைத்ததைத் தங்கை வைத்து ஓட்டுகிற வீடுகள் இருக்கின்றன. அந்த மெஷின்களில் பல, இனி விண்டோஸ் பக்கம் போனால் திருத்தம் இல்லாமல்தான் ஓடும். பத்து ஆண்டுகள் கட்டாயப்படுத்திக் கொடுத்த மருந்தை, கேட்டாலும் நிபந்தனை இல்லாமல் கிடைக்காது என்று ஒரே நாளில் நிறுத்துவது விசித்திரமான அக்கறை. மேலும் ஓராண்டுக்குத் திருத்தம் வேண்டுமென்றால் 30 டாலர், இல்லையேல் 1,000 வெகுமதிப் புள்ளிகள், இல்லையேல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்குகளை அவர்களிடம் பேக்கப் செய்ய வேண்டும். நுகர்வோர் அமைப்பு ஒன்று நெருக்கியதும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் காசும் பேக்கப் நிபந்தனையும் விலக்கப்பட்டன. எண்ணூர் அந்தப் பகுதியில் இல்லை.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இந்தியாவிலும் கேட்பதற்கு இடம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 13 தந்திரங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது. வலிந்து செய்ய வைப்பது, நச்சரிப்பது, பொத்தான்களை வைத்துக் குழப்புவது மூன்றும் அதில் உண்டு. பெருக்கல் குறிக்குச் சம்மதம் என்று பொருள் கொண்ட அந்த 2016 பெட்டி இன்று வந்தால், இந்தப் பட்டியலில் உட்காரத் தயாராக ஓரிடம் இருக்கிறது. 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன் தடுமாறுகிறது என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்களை வைத்தே அதே ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.